பொன்ஃபயர்: ஓர் ஆங்கிலச் சொல்லின் வேரைப் படிப்படியாகத் தேடுவது எப்படி

திருவிழா இரவிலோ வெற்றிக் கொண்டாட்டத்திலோ திறந்தவெளியில் மூட்டும் பெருந்தீயை ஆங்கிலத்தில் பொன்ஃபயர் என்கிறார்கள். அந்தச் சொல்லின் முதல் பாதி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பிரெஞ்சில் 'நல்ல' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள் பலர். நல்ல தீ. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது, ஆனால் தவறு. அந்த முதல் பாதி எலும்பு. எலும்புகளைப் போட்டு எரித்த தீ என்பதே சொல்லின் முதற்பொருள்.

இந்த முடிவுக்கு எப்படி வந்து சேர்வது என்பதைக் கீழே படிப்படியாகச் செய்து பார்க்கலாம். சொற்பிறப்பியலில் புதிதாகக் கால் வைக்கிறவர்களுக்கு இது மிக நல்ல முதல் சொல். இரண்டே உறுப்புகள், தெளிவான பழைய சான்றுகள், பெரிய அகராதிக்காரர் ஒருவரே சறுக்கி விழுந்த இடம் என எல்லாம் இதில் இருக்கிறது. இந்த ஒன்றை ஒழுங்காகச் செய்து முடித்துவிட்டால் அடுத்த பத்துச் சொற்களுக்கு வழி தெரிந்துவிடும்.

எழுத்தைப் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டில் 'பான்ஃபயர்' என்று எழுதுவதுதான் வழக்கம். இங்கே வேண்டுமென்றே 'பொன்ஃபயர்' என்று குறிலில் எழுதுகிறோம். எலும்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் நெடிலில் 'போன்'. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நான்காம் படியில் வரும் சிக்கல் கண்ணில் படும்.

தொடங்கும் முன்

ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: ஆண்டு, எழுத்துக்கூட்டல், ஊர் அல்லது வட்டாரம், அங்கே அந்தச் சொல்லுக்கு என்ன பொருள். கணினியில் எக்செல் தாள் என்றாலும் இதே நான்கு பத்திதான். பலர் ஆண்டையும் பொருளையும் மட்டும் எழுதிவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவார்கள். இந்தச் சொல்லில் வழக்கைத் தீர்த்து வைப்பது அந்த விடுபட்ட இரண்டு பத்திகள்தான்.

பார்க்க வேண்டிய அகராதிகள் நான்கு. முதலில் டக்ளஸ் ஹார்ப்பர் நடத்தும் இணையச் சொற்பிறப்பு அகராதி. இலவசம், சுருக்கம், வழி தெரிந்துகொள்ளப் போதும். இரண்டாவது, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதி. இதுவும் இலவசம், 1500 வரையான வழக்குகளை மேற்கோளோடு தருகிறது. மூன்றாவது, ஸ்காட்லாந்து வட்டார மொழிக்கான இணைய அகராதி, இலவசம். நான்காவது, 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்து முடிந்த ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதி. இணையத்தில் இதற்குக் கட்டணம் உண்டு, கல்லூரி நூலகத்தின் வழியாகப் பார்க்க முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். முதல் சொல்லுக்கு மூன்று மணி நேரமாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

படி 1: இன்றைய பொருளைத் துல்லியமாக எழுதுங்கள்

'பெரிய தீ' என்று எழுதி நிறுத்தாதீர்கள். காட்டுத்தீயும் பெரிய தீதான், வீடு பற்றி எரிந்தாலும் பெரிய தீதான். பொன்ஃபயர் என்பது ஆட்கள் வேண்டுமென்றே, திறந்தவெளியில், குவித்து வைத்து மூட்டும் தீ. சுற்றி உட்கார்ந்து சமைக்கவும் பேசவும் மூட்டும் சிறு தீக்கு ஆங்கிலத்தில் வேறு பெயர்; உடலை எரிக்கும் சிதைக்கு வேறு பெயர்.

பிரிட்டனில் இன்று இந்தச் சொல்லுக்கு இரண்டு பயன்பாடுகள் உண்டு. ஒன்று, நவம்பர் 5 இரவுக் கொண்டாட்டம். 1605இல் நாடாளுமன்றத்துக்கு அடியில் 36 பீப்பாய் வெடிமருந்தோடு கை ஃபாக்ஸ் என்ற சதிகாரர் பிடிபட்டதன் நினைவாக ஊர் ஊராகத் தீ மூட்டுகிறார்கள். இன்னொன்று, தோட்டத்துச் சருகையும் குப்பையையும் குவித்து எரிப்பது.

தமிழில் இதற்கு ஒரே இணைச்சொல் தேடினால் அகப்படாது. கார்த்திகைக்குக் கோயில் முன்னால் பனை ஓலை சுற்றிய மரத்தைக் கொளுத்துகிறோமே, அந்தச் சொக்கப்பனை நவம்பர் 5 தீயை ஒத்தது. போகியன்று பழையதை எரிப்பது தோட்டத்துத் தீயை ஒத்தது. குளிர்காய மூட்டும் கணப்பு இரண்டிலும் சேராது. இந்த வேறுபாட்டை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் படியில் தேவைப்படும்.

படி 2: பழைய எழுத்துக்கூட்டல்களைச் சேகரியுங்கள்

இன்றைய எழுத்துக்கூட்டலைத் தேடுபெட்டியில் போட்டால் இடைக்கால அகராதியில் ஒன்றுமே வராமல் போகலாம். அக்காலத்தில் எழுத்துக்கூட்டல் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். முதல் பாதியை பி-ஓ-என், பி-ஓ-என்-இ, பி-ஏ-என்-இ என்று மூன்று விதமாகவும், இரண்டாம் பாதியை 'ஐ' எழுத்தோடும் 'வொய்' எழுத்தோடும் மாற்றி மாற்றியும் தேடுங்கள்.

அப்படித் தேடினால் ஒரு பொன்னான வரி சிக்கும். இங்கிலாந்தின் வடபகுதியில் உருவான ஆங்கில–லத்தீன் அகராதி ஒன்று உண்டு, பெயர் கத்தோலிகன் ஆங்கிலிகும், ஆண்டு 1483. அதில் இந்தச் சொல் பி-ஏ-என்-இ-எஃப்-வொய்-ஆர்-இ என்று இருக்கிறது. வாசித்தால் ஏறக்குறைய 'பேன்ஃபயர்'. பக்கத்தில் லத்தீனில் 'இக்னிஸ் ஓசியும்' என்று பொருள் தந்திருக்கிறார்கள். இக்னிஸ் என்றால் தீ, ஓசியும் என்றால் எலும்புகளின். எலும்புகளின் தீ. அந்தக் காலத்து அகராதிக்காரரே பொருளைத் திறந்து சொல்லிவிட்டார். உங்கள் முதல் வரிசை இப்படி இருக்கட்டும்:

1483 | பி-ஏ-என்-இ + எஃப்-வொய்-ஆர்-இ | வட இங்கிலாந்து | எலும்புகளின் தீ

இதைவிட முந்திய சான்றும் உண்டு. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் லில்லஷல் மடத்தைச் சேர்ந்த ஜான் மெர்க் என்ற துறவி 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய திருநாள் உரைகளில் இந்தத் தீ வருகிறது. அவர் சொல்வதை ஐந்தாம் படியில் பார்ப்போம். இப்போதைக்கு ஒரு எச்சரிக்கை: அவர் எழுதியது 14ஆம் நூற்றாண்டு, நமக்குக் கிடைத்திருக்கும் கையெழுத்துப்படிகள் பெரும்பாலும் 15ஆம் நூற்றாண்டு. நம் ஏட்டுச்சுவடிகளில் நூலின் காலம் வேறு, ஏட்டின் காலம் வேறு என்று பார்க்கிறோம் அல்லவா, அதே கவனம் இங்கும் வேண்டும். ஆண்டுப் பத்தியில் இரண்டையும் எழுதுங்கள். எழுத்துக்கூட்டல் படியெடுத்தவருடையதாக இருக்கலாம்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. அகராதி தரும் முதல் ஆண்டு, சொல் எழுத்தில் அகப்பட்ட ஆண்டு மட்டுமே. பிறந்த ஆண்டு அல்ல. மக்கள் வாயில் அது எத்தனை தலைமுறை முன்பே புழங்கியதோ.

படி 3: சொல்லைப் பிரித்து, உறுப்புகளைத் தனித்தனியாகச் சோதியுங்கள்

இரண்டாம் பாதியில் தகராறு இல்லை. தீயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் பழைய ஆங்கிலத்தில் எஃப்-வொய்-ஆர். கிரேக்கத்தில் அதன் உடன்பிறப்பு 'பூர்'. சிதையைக் குறிக்கும் 'பையர்' என்ற ஆங்கிலச் சொல் இந்தக் கிரேக்க வேரிலிருந்து வந்தது. கிரேக்கத்திலும் லத்தீனிலும் 'ப' ஒலி இருக்கும் இடத்தில் ஆங்கிலம் போன்ற ஜெர்மானிய மொழிகளில் 'ஃப' வருவது விதி. லத்தீனில் தந்தை 'பாட்டர்', ஆங்கிலத்தில் 'ஃபாதர்'. லத்தீனில் மீன் 'பிஸ்கிஸ்', ஆங்கிலத்தில் 'ஃபிஷ்'.

வடமொழி அக்கினியும் லத்தீன் இக்னிஸும் ஒரே வேர்தான். ஆனால் ஆங்கிலத் தீ அந்தக் குடும்பத்துச் சொல் அல்ல. இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் தீக்கு இரண்டு வேர்கள் இருந்தன. ஒன்று அக்கினி பக்கம் போயிற்று, மற்றது பூர், ஃபயர் பக்கம். புதியவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

முதல் பாதிக்கு இப்போது இரண்டு வேட்பாளர்கள். ஒன்று, பழைய ஆங்கிலத்தில் எலும்பைக் குறித்த 'பான்'. அதுதான் இன்று 'போன்'. மற்றது 'நல்ல' என்ற பிரெஞ்சுச் சொல், பி-ஓ-என்.

படி 4: ஒலி விதிகளை வைத்துப் பாருங்கள்

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இது. இங்கே இரண்டு கேள்விகள்.

முதல் கேள்வி: 1483இல் ஏன் 'பேன்' என்று இருக்கிறது? பழைய ஆங்கிலத்தின் நெடில் 'ஆ' தெற்கிலும் நடுப்பகுதியிலும் 'ஓ' பக்கம் நகர்ந்தது. வடக்கிலும் ஸ்காட்லாந்திலும் அப்படி நகராமல் பிறகு 'ஏ' ஆனது. ஒரு சொல்லுக்கு மட்டும் நடந்தது அல்ல, வரிசையாக நடந்தது. கல் பழைய ஆங்கிலத்தில் 'ஸ்தான்'. தெற்கே 'ஸ்டோன்', ஸ்காட்லாந்தில் 'ஸ்டேன்'. வீடு 'ஹாம்', தெற்கே 'ஹோம்', வடக்கே 'ஹேம்'. எலும்பு 'பான்', தெற்கே 'போன்', வடக்கே 'பேன்'.

பிரெஞ்சிலிருந்து வந்த 'நல்ல' என்ற சொல்லில் பழைய ஆங்கில 'ஆ' இல்லவே இல்லை. எனவே அது வடக்கே போனால் 'பேன்' ஆக வழியில்லை. ஆனால் நம் சொல் வடக்கே 'பேன்ஃபயர்' என்றுதான் இருக்கிறது. வட்டாரப் பத்தியை ஏன் விடக்கூடாது என்று சொன்னோம் என்பது இப்போது புரிந்திருக்கும். தெற்கத்தி வடிவத்தை மட்டும் பார்த்தால் இரண்டு வேட்பாளர்களும் சமம். வடக்கத்தி வடிவம் ஒன்றைத் தள்ளிவிடுகிறது.

இரண்டாம் கேள்வி: எலும்பு 'போன்' என்றால் தீ ஏன் 'போன்ஃபயர்' ஆகவில்லை? நெடில் எப்படிக் குறிலாயிற்று?

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆறு, அறுபது. ஏழு, எழுபது. மூன்று, முப்பது. தனியே நிற்கும்போது நெடிலாக இருக்கும் எழுத்து, பின்னால் இன்னொரு சொல் வந்து சேர்ந்ததும் குறுகிவிடுகிறது. ஆங்கிலத்தின் கூட்டுச்சொற்களிலும் இதே பழக்கம் உண்டு. பின்னால் மெய்கள் அடுக்கி வரும்போதோ அசைகள் கூடும்போதோ முன்னால் இருக்கும் உயிர் குறுகும். ஆடு 'ஷீப்', ஆனால் மேய்ப்பர் 'ஷெப்பர்ட்'. புனிதம் 'ஹோலி', ஆனால் விடுமுறை நாள் 'ஹொலிடே'. வாத்து 'கூஸ்', அதன் குஞ்சு குறிலோடு 'கொஸ்லிங்'. அந்த வரிசையில்தான் போன், பொன்ஃபயர். விதி வேறு மொழிக்குடும்பத்தில், வேறு காரணத்தால் நடக்கிறது. ஆனால் காது பழகியிருப்பதால் நமக்குப் பிடிபடுவது எளிது.

இந்தப் படியில் விழக்கூடிய குழிகள் மூன்று.

ஸ்காட்லாந்து அகராதியில் பி-ஏ-என்-இ என்று தேடினால் எலும்போடு இன்னொரு சொல்லும் வரும்: கேடு, அழிவு. அது 'கொலையாளி' என்ற பழைய சொல்லின் வழி; எலும்போடு உறவில்லை. 'அழிக்கும் தீ' என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள்.

பழைய ஆங்கிலத்தில் சிதைத்தீக்கு 'பேல்ஃபூர்' என்று ஒரு சொல் இருந்தது. அது 'ல்', நமது 'ன்'. அந்த ல் இந்த ன் ஆக மாறியது என்று காட்ட இடைநிலை வடிவங்கள் வேண்டும். எலும்பு விளக்கத்துக்கு அப்படி ஒரு பாலமே தேவைப்படவில்லை, ஆகவே அதுவே நிற்கிறது.

மூன்றாவது, ஸ்காட்லாந்து அகராதியில் 'எரி' என்று பொருள்படும் 'பர்ன்' சொல்லைத் தேடினால் முதலில் சிற்றோடை வந்து நிற்கும். 1314இல் போர் நடந்த பானக்பர்ன் என்ற ஊர்ப் பெயரின் கடைசிப் பாதி ஓடைதான், எரிதல் அல்ல.

படி 5: அந்தப் பொருள் உண்மையில் இருந்ததா என்று பாருங்கள்

ஒலி பொருந்தினால் மட்டும் போதாது. யாராவது எலும்பை எரித்தார்களா?

எரித்தார்கள். ஜான் மெர்க் புனித யோவான் திருநாளின் முந்திய இரவைப் பற்றிப் பேசுகிறார். ஜூன் 23, கோடையின் நடு. அன்று மூன்று வகைத் தீ மூட்டுவார்கள் என்கிறார். விறகே இல்லாமல் எலும்பால் மட்டும் மூட்டுவது எலும்புத் தீ. எலும்பில்லாமல் விறகால் மட்டும் மூட்டுவது விழிப்புத் தீ. அதன் அருகே உட்கார்ந்து கண்விழிப்பார்கள். விறகும் எலும்பும் சேர்ந்தது புனித யோவான் தீ. எலும்பு எதற்கு என்பதற்கும் அவரே காரணம் சொல்கிறார்: கோடையில் வானில் பறக்கும் டிராகன்கள் நீர்நிலைகளை நஞ்சாக்கும், எரியும் எலும்பின் நாற்றம் அவற்றுக்கு ஆகாது, அதனால் ஓடிவிடும்.

டிராகனை விட்டுவிடுங்கள், நாற்றம் உண்மை. எலும்பில் உள்ள புரதம் கருகும்போது முடி கருகும் வாடை அடிக்கும். கொழுப்பும் மஜ்ஜையும் மிச்சமிருக்கும் புது எலும்பு, விறகில் பற்றவைத்துவிட்டால் நன்றாகவே எரியும். வெயிலில் காய்ந்து வெளுத்த எலும்பு தனியாக எரியாது. மெர்க் சொல்லும் விறகில்லா எலும்புத் தீக்கு, வெட்டிய ஆடுமாடுகளின் எலும்பு நிறைய வேண்டியிருந்திருக்கும்.

இன்னொரு சான்று மேலும் வலுவானது. இங்கிலாந்து எல்லையை ஒட்டிய ஸ்காட்லாந்து ஊரான ஹாயிக்கில் ஆண்டுதோறும் கோடைநடுத் தீக்காகப் பழைய எலும்புகளைச் சேர்த்துச் சேமித்து வைக்கும் வழக்கம் ஏறத்தாழ 1800 வரை இருந்தது. ஆக்ஸ்ஃபர்டு அகராதி இதைக் குறித்து வைத்திருக்கிறது. அயர்லாந்து மொழியிலும் இத்தகைய தீக்குப் பெயர் 'டின்ன க்னாவ்', சொல்லுக்குச் சொல் 'எலும்புத் தீ'தான். அங்கும் ஜூன் 23 இரவில்தான் மூட்டுகிறார்கள்.

இந்தப் படிக்கு வந்ததும் நோட்டில் தனிக் கோடு போட்டு, 'பொருள்சான்று' என்று தலைப்பிட்டு இவற்றை எழுதுங்கள். சொற்சான்றோடு கலக்காதீர்கள். ஒன்று தளர்ந்தால் மற்றது எவ்வளவு தாங்கும் என்று தனித்தனியே பார்க்க வசதியாக இருக்கும்.

படி 6: எதிர்த்தரப்பை நேர்மையாக விசாரியுங்கள்

'நல்ல தீ' என்று சொன்னவர் சாதாரண ஆள் அல்ல. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட பேரகராதியில் பிரெஞ்சு விளக்கத்தைத்தான் தந்தார். அவர் ஏன் சறுக்கினார் என்று யோசிப்பதுதான் இந்தச் சொல் கற்றுத்தரும் பாடத்தில் பாதி.

அவர் காலத்தில் உச்சரிப்பு குறுகிவிட்டது. காதில் எலும்பு கேட்காது. லண்டன் மக்களுக்குத் தீ என்றால் வெற்றி விழா, அரச விழா. கண்ணில் எலும்பு படாது. காதும் கண்ணும் காட்டாததை எழுத்து மட்டும்தான் காட்டிக்கொண்டிருந்தது: ஏறத்தாழ 1760 வரை கடைசி 'இ'யோடு, எலும்பு என்று தெரியும்படி எழுதுவதே பெருவழக்கு. வடக்கத்தி வடிவத்தையும் அந்த எழுத்துக்கூட்டலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் முடிவு மாறியிருக்கும். ஒரு சொல்லின் உறுப்பு பேசுகிறவர்களுக்குப் புரியாமல் போகும்போது, மனம் தெரிந்த வேறொரு சொல்லை அந்த இடத்தில் கொண்டுவந்து வைக்கிறது. எந்த மொழியிலும் இது நடக்கும்.

பிரெஞ்சு விளக்கத்தை மறுக்கும்போது சரியான காரணத்தைச் சொல்ல வேண்டும். 'பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலமாகச் சொல் இருக்க முடியாது' என்று சிலர் வாதிடுகிறார்கள். அது வலுவில்லாத வாதம். 'ஜென்டில்மேன்' அப்படித்தான் உண்டானது. வலுவான காரணங்கள் மூன்று: வடக்கத்தி 'பேன்' வடிவம், 1483இன் லத்தீன் பொருள், பிரெஞ்சுக்காரர்களே இத்தகைய தீயை 'நல்ல தீ' என்று அழைக்காமல் 'மகிழ்ச்சித் தீ' என்று அழைப்பது.

தமிழ் வாசகர்கள் விழக்கூடிய இன்னொரு இடம் இருக்கிறது. பொன்ஃபயர், பொன் நிறத் தீ! ஒலி பொருந்துகிறது, பொருளும் அழகாக இருக்கிறது. ஆனால் மூன்று கேள்வி கேளுங்கள். பழைய வடிவம் பொருந்துகிறதா? 'பான்', 'பேன்' என்ற வடிவங்களில் தமிழ்ப் பொன் எங்கும் இல்லை. பழைய பொருள் பொருந்துகிறதா? எலும்பு என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல் அங்கே போய்ச்சேர வழி இருந்ததா? 14ஆம் நூற்றாண்டு ஷ்ராப்ஷயர் துறவிக்குத் தமிழ்ச் சொல் கிடைக்க வழியில்லை. மூன்றிலும் தோற்கிறது. ஒலி ஒற்றுமை தேடலின் தொடக்கம் மட்டுமே, சான்று ஆகாது. தமிழின் பெருமைக்கு இப்படிப்பட்ட இரவல் தேவையில்லை. உண்மையாகவே தமிழிலிருந்து போன சொல் ஒன்று எரிகிற பொருளுக்கே இருக்கிறது, கடைசியில் வரும்.

படி 7: பொருள் நகர்ந்த வழியை வரையுங்கள்

எலும்புத் தீ முதலில் கோடைநடுச் சடங்கு. 16ஆம் நூற்றாண்டில் பிணத்தை எரிக்கும் தீக்கும், சமய எதிரிகளையும் அவர்கள் நூல்களையும் எரித்த தீக்கும் இந்தச் சொல் பயன்பட்டது. பக்கத்திலேயே கொண்டாட்டத் தீ என்ற பொருளும் வளர்ந்தது. அதுவே தங்கியது. பிறகு தோட்டக் குப்பை வரை இறங்கியது. முதல் படியில் எழுதிய சொக்கப்பனை, போகி இரண்டையும் இந்தக் கோட்டில் எங்கே வைப்பது என்று பாருங்கள்.

1497 பிப்ரவரி 7 அன்று இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் சவோனரோலா என்ற துறவியின் ஆட்கள் கண்ணாடி, சீட்டுக்கட்டு, ஒப்பனைப் பொருள், நூல் எனக் குவித்து எரித்தார்கள். ஆங்கில வரலாற்று நூல்கள் அதைப் பொன்ஃபயர் என்கின்றன. அது மொழிபெயர்ப்பு, இத்தாலியச் சொல் வேறு. இதை உங்கள் சான்றுப் பட்டியலில் சேர்க்கக்கூடாது.

படி 8: உறுதியின் அளவோடு எழுதுங்கள்

ஒவ்வொரு கூற்றுக்கும் ஓர் அடையாளம் போடுங்கள். 'எலும்பு + தீ': உறுதி. 'ஒலி குறுகியது கூட்டுச்சொல் ஆனதால்': உறுதி, இணையான சொற்கள் உண்டு. 'டிராகனை விரட்டத்தான் எலும்பை எரித்தார்கள்': மெர்க் தரும் விளக்கம் என்று மட்டும் எழுதுங்கள், வழக்கம் அதற்கும் முந்தியதாக இருக்கலாம். சடங்கு எதற்காகத் தொடங்கியது என்பதும் சொல் எதைக் குறித்தது என்பதும் தனித்தனிக் கேள்விகள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் முடிச்சுப் போட்டால் ஒன்று ஆட்டம் காணும்போது மற்றதும் விழும்.

பழகிப் பார்க்க நான்கு சொற்கள்

*பர்ன்.* எரிதலைக் குறிக்கும் அடிப்படை வினை. பழைய ஆங்கிலத்தில் இது இரண்டு வினைகள்: தானே எரிவதற்கு ஒன்று, ஒன்றை எரிப்பதற்கு இன்னொன்று. நம்மிடம் விறகு எரிந்தது, விறகை எரித்தான் என்று இன்றும் பிரிந்தே நிற்பதை ஆங்கிலம் ஒன்றாகக் கலந்துவிட்டது. வேறொரு மாற்றத்தையும் தேடுங்கள்: மூல வடிவத்தில் 'ர்' உயிருக்கு முன்னால் இருந்தது, ஜெர்மனில் இன்றும் 'பிரென்னன்'. ஆங்கிலத்தில் அது இடம் மாறி உயிருக்குப் பின்னால் போய்விட்டது, மதுரை பேச்சில் மருதை ஆவதுபோல. பழைய இடத்திலேயே 'ர்' நிற்கும் உறவுச் சொற்களைச் சேகரியுங்கள். கந்தகத்துக்கான 'பிரிம்ஸ்டோன்' எரியும் கல். 'பிராந்தி' டச்சு மொழியில் சுட்ட திராட்சை மது, அதாவது வடித்தது. 'பிராண்டு' முதலில் கொள்ளிக்கட்டை, பிறகு மாட்டுக்குப் போடும் சூட்டுத் தழும்பு, பிறகு சரக்கின் முத்திரை.

*கர்ஃபியூ.* ஊரடங்கு. பழைய பிரெஞ்சில் 'மூடு' என்ற ஏவலும் 'தீ' என்ற சொல்லும் சேர்ந்தது. மாலையில் மணி அடித்ததும் அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடிவிட வேண்டும். மரவீடுகள் நெருங்கிய ஊரில் தீப்பிடிக்காமல் இருக்க. நீறு பூத்த நெருப்பாக அது காலைவரை கிடக்கும். இதில் பயிற்சி: மணியோசை எப்போது தெருவில் நடமாடத் தடை என்ற பொருளுக்கு நகர்ந்தது என்று மேற்கோள்களை ஆண்டு வரிசையில் அடுக்குங்கள்.

*இங்க்.* மை. கிரேக்கத்தில் 'உள்ளே சுட்டது' என்ற சொல், லத்தீன் வழியாக, பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்தது. ரோமப் பேரரசர்கள் கையெழுத்திடப் பயன்படுத்திய செந்நீல மைக்கு அந்தப் பெயர். தேய்மானம் மிக அதிகம் என்பதால் ஒவ்வொரு நிறுத்தத்தின் வடிவத்தையும் தனி வரியில் எழுதினால்தான் பிடிபடும்.

*செரூட்.* இரு முனையும் வெட்டிய சுருட்டு வகை. இது தமிழ்ச் 'சுருட்டு'தான். படி 6இன் மூன்று கேள்விகளையும் இதற்குக் கேளுங்கள். ஒலி: ச, ர, ட மூன்று மெய்யும் வரிசை மாறாமல் இருக்கின்றன. பொருள்: சுருட்டிய புகையிலை, அதே பொருள். வழி: 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வணிகர்கள் தமிழ்க் கடற்கரையில் கடை விரித்திருந்தார்கள், போர்ச்சுகீசியத்தில் 'சருட்டு' என்று இந்தச் சொல் இன்றும் புழங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு இங்கிலாந்து வரை பெயர் பெற்றிருந்தது. தமிழ்க் கடற்கரையிலிருந்து நேராக ஆங்கிலத்துக்குப் போனதா, போர்ச்சுகீசியத்தையோ பிரெஞ்சையோ தொட்டுப் போனதா என்பதை எழுத்துக்கூட்டல் பத்தியை நிரப்பும்போது நீங்களே சோதித்துப் பாருங்கள்: முதல் எழுத்து எந்த மேற்கோளில் எப்படி இருக்கிறது, இறுதி உயிர் எந்த ஆண்டில் உதிர்கிறது.